பல்கலைக்கழக மருத்துவமனையில் உளவியல் இன்டர்ன்ஷிப்: வேலை எப்படி, இடத்தை எப்படித் தேர்வு செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் படிக்கிறேன். அடுத்த சுற்றில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். உடல்நல உளவியலில் ஆர்வம் இருக்கிறது, ஆனால் இதுவரை பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில்தான் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பெரிய மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கலாமா? அங்கே வேலை எப்படி இருக்கும்?

பதில்:

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆலோசனை மைய அனுபவத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் வேலையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்களுக்கு மேற்பார்வை செய்வது என் வேலையின் ஒரு பகுதி. முதல் சில வாரங்களில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் படிப்பில் கெட்டிக்காரர்கள்தான். அவர்களைத் திணறவைப்பது ஒரே ஒரு மாற்றம்.

ஆலோசனை மையத்துக்கு வருகிறவர் உங்களைத் தேடி வருகிறார். தன் மனத்துக்கு உதவி தேவை என்று அவரே முடிவு செய்திருக்கிறார். மருத்துவமனையில் நீங்கள் பார்க்கப்போகிறவர் கல்லீரலுக்காகவோ முதுகுவலிக்காகவோ புற்றுநோய்க்காகவோ வந்தவர். உளவியலாளர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, வேறொரு மருத்துவர் அனுப்பியிருக்கிறார். பல நேரம் ஏன் அனுப்பினார் என்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். "என் வலி பொய்ன்னு நினைக்கிறாங்களா?" என்பதுதான் பல நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி. அனுப்பிய மருத்துவருக்கு ஒரு கேள்வி, நோயாளிக்கு வேறொரு கேள்வி. அரை மணி நேரத்தில் இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லக் கற்பதுதான் இந்த ஓராண்டு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி சட்டகம். அமெரிக்காவில் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் முனைவர் படிப்புகளில் பட்டம் பெறுவதற்கு முன் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம், அதாவது ஏ.பி.ஏ., அங்கீகாரம் அளிக்கிறது. இன்டர்ன்ஷிப் மையங்களின் கூட்டமைப்பான ஆப்பிக், சேர்க்கையை நடத்துகிறது. ஆப்பிக் விதிப்படி குறைந்தது 1,500 மணி நேரம் தேவை. நடைமுறையில் பெரும்பாலான மருத்துவமனைகளில் அது 2,000 மணி நேரத்தைத் தொடும். அதில் கால் பங்காவது நோயாளிகளோடு நேருக்கு நேர் இருக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் மேற்பார்வை, அதில் 2 மணி நேரமாவது உரிமம் பெற்ற முனைவர்நிலை உளவியலாளரோடு தனியாக. 2017 முதல் நடைமுறையில் இருக்கும் அங்கீகார விதிகள் ஒன்பது திறன்களில் உங்களை மதிப்பிடச் சொல்கின்றன. மதிப்பீடு, சிகிச்சை, ஆய்வு, அறம் எல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பவை. மருத்துவமனையில் உங்களை உண்மையில் சோதிக்கப்போவது பிற துறையினரோடு இணைந்து பணியாற்றும் திறன்.

உளவியலாளர் மருத்துவமனைக்குள் எப்படி வந்தார் என்பதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ளுங்கள், வேலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். 1957இல் ஜோசப் மாட்டராஸோ ஒரெகன் மருத்துவக் கல்லூரியில் உளவியலுக்கென்று தனித் துறையை நிறுவினார். 1977இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் எங்கல், உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காத மருத்துவம் முழுமையாகாது என்று வாதிட்டுப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அடுத்த ஆண்டே ஏ.பி.ஏ.வில் உடல்நல உளவியலுக்கான 38ஆவது பிரிவு தொடங்கியது, மாட்டராஸோதான் அதன் முதல் தலைவர். ஆனால் என் பார்வையில், தினசரி வேலையை இவை எல்லாவற்றையும்விட மாற்றியது 2002இல் வந்த பில்லிங் குறியீடுகள். அதுவரை உளவியலாளர் பணம் பெற வேண்டுமானால் நோயாளிக்கு ஒரு மனநோய்ப் பெயரைச் சூட்ட வேண்டியிருந்தது. புதிய குறியீடுகள் வந்த பிறகு நீரிழிவு, இதயநோய் போன்ற உடல்நோயின் பெயரிலேயே உளவியல் பணிக்குக் கட்டணம் கேட்க முடிந்தது. மனநோய் எதுவும் இல்லாத, ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளத் தயங்குகிற ஒருவரோடு நீங்கள் முறையாக வேலை செய்ய முடிவது இதனால்தான்.

ஆண்டு பெரும்பாலும் ஜூலை 1ஆம் தேதி தொடங்கும். ரெசிடென்ட் எனப்படும் புதிய பயிற்சி டாக்டர்களும் அதே நாட்களில்தான் சேர்வார்கள், ஆகவே வழி தெரியாமல் நடப்பவர் நீங்கள் மட்டுமாக இருக்கமாட்டீர்கள். நான்கு அல்லது ஆறு மாத ரொட்டேஷன்கள், அதாவது பிரிவு மாறி மாறிப் பயிலும் சுற்றுகள், வழக்கம். உள்நோயாளிப் பிரிவில் கன்சல்ட் (வேறொரு பிரிவின் மருத்துவர் கேட்டு நோயாளியைப் போய்ப் பார்ப்பது), உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீடு, பெயின் கிளினிக், புற்றுநோய்ப் பிரிவு, தூக்க மருத்துவம், குடும்ப மருத்துவப் பிரிவு, உடல்பருமன் அறுவைசிகிச்சைக்கு முந்தைய மதிப்பீடு என்று இடத்துக்கு இடம் மாறும். இதில் இரண்டை மட்டும் அருகில் காட்டுகிறேன்.

முதலில் கன்சல்ட். இது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் கதை அல்ல, எந்தப் பெரிய மருத்துவமனையிலும் மாதாமாதம் நடக்கிற ஒன்று. அறுவைசிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது: "70 வயது ஆண், அறுவைசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், மனச்சோர்வு, பிசியோதெரபிக்கு ஒத்துழைக்கவில்லை, பார்க்கவும்." நீங்கள் போகும்போது அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில், சிரிப்பில்லை, சாப்பிடவில்லை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை எடுத்துக் கேட்டால் மதிப்பெண் ஏறும், மனச்சோர்வு என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். நல்ல இன்டர்ன் அங்கே நிற்பார். மாதங்களின் பெயரைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." அங்கே நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் "நவம்பர்" என்கிறார். நர்சிடம் விசாரித்தால், ராத்திரி டியூபைப் பிடுங்கப் பார்த்தார், காலையில் நன்றாகத்தான் பேசினார் என்கிறார். நேரத்துக்கு நேரம் மாறுகிறது, கவனம் நிலைக்கவில்லை, திடீரென்று தொடங்கியிருக்கிறது. இது மனச்சோர்வு அல்ல, டெலிரியம், அதாவது உடல்கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். ஆர்ப்பாட்டமில்லாத, அமைதியான வகை டெலிரியத்தை மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வது மருத்துவமனைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

இதைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை. தொற்று, மருந்துகள், நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் தேக்கம் எதுவும் காரணமாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். ஆகவே நோட் எழுதிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. அந்த ரெசிடென்ட்டைப் போனில் பிடித்து இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: "இது டெலிரியம் மாதிரி தெரியுது, ராத்திரியிலிருந்து கவனம் ஏறி இறங்குது. மருந்துப் பட்டியலையும் தொற்றுக்கான சோதனைகளையும் ஒருமுறை பார்க்க முடியுமா?" அவ்வளவுதான். உளவியல் விளக்கம் அங்கே எவருக்கும் தேவையில்லை. கண்ணாடியையும் காதுகேட்புக் கருவியையும் எடுத்துக் கொடுக்கவும், பகலில் திரையை விலக்கவும், கவலையில் இருக்கும் மனைவியிடம் "இது அவர் குணம் மாறியதில்லை, உடம்பு படுத்தும் பாடு" என்று விளக்கவும் ஆள் வேண்டும். அதற்கும் நீங்கள்தான்.

இரண்டாவது, கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீடு. அறம் பற்றி வகுப்பில் படித்ததெல்லாம் இங்கேதான் எடை பெறுகிறது. எதிரில் இருப்பவருக்கு உறுப்பு கிடைக்காவிட்டால் உயிர் போகும். நீங்கள் அவருடைய சிகிச்சையாளர் அல்ல. குழுவுக்கு அறிக்கை தருகிறவர். இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "நீங்கள் சொல்வது அறிக்கையில் போகும், குழுவினர் படிப்பார்கள், முடிவெடுப்பது நான் மட்டுமல்ல." குடிப்பழக்கம் பற்றிக் கேட்கும்போது அவர் எதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்துச் சொல்வார், அது மனித இயல்பு. பெத் என்ற ரத்தப் பரிசோதனை ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும். பேச்சும் பரிசோதனையும் ஒத்துப்போகாதபோது அந்த உரையாடலைக் குற்றவாளிக் கூண்டு ஆக்காமல் நடத்துவது எளிதல்ல. 2012இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான சிபாட் போன்ற அளவுகோல்கள் கேட்க வேண்டியவற்றை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார், வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது புரிந்திருக்கிறதா, பழைய மாத்திரைகளை ஏன் விட்டார், செலவு தாங்காமலா, மறதியாலா, நம்பிக்கை இழந்தா? இந்தக் கடைசிக் கேள்விக்கான விடையில்தான் பல நேரம் ஒருவரின் தலையெழுத்து இருக்கிறது. "ஒத்துழைக்காதவர்" என்று சார்ட்டில் பல முறை நகலெடுக்கப்பட்ட ஒருவர், பஸ் வசதி இல்லாததால் மருந்துக் கடைக்குப் போக முடியாதவராக இருக்கலாம். அதை எழுத்தில் கொண்டுவருவது இன்டர்ன் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி. தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் எழுதாமல், தகுதி பெற என்ன செய்ய வேண்டும், அதில் நாம் எப்படி உதவலாம் என்று எழுதப் பழகுங்கள்.

மற்ற ரொட்டேஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்க மருத்துவம் கிடைத்தால் விடாதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் என்று மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரியே 2016இல் பரிந்துரைத்தது. நான்கு முதல் எட்டு அமர்வுகளில் முடியும், தூக்க நாட்குறிப்பில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், புதியவருக்கு இதைப்போல் தன்னம்பிக்கை தருவது வேறில்லை. குடும்ப மருத்துவப் பிரிவில் 15 முதல் 30 நிமிட அமர்வுகள்தான். டாக்டர் கையோடு அழைத்துவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போவார், அங்கேயே ஒரு பிரச்சினையைப் பிடித்து ஒரு வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும். ஐம்பது நிமிடம் பழகியவர்களுக்கு இது முதலில் அவசர அவசரமாகத் தெரியும். புற்றுநோய்ப் பிரிவில் பி.எச்.க்யூ-9இன் தூக்கம், சோர்வு, பசி கேள்விகளை அப்படியே நம்ப முடியாது. கீமோதெரபி ஒன்றே அந்த மதிப்பெண்களை ஏற்றிவிடும். ஆர்வமின்மை, குற்றவுணர்வு, சாவு பற்றிய எண்ணம் இவற்றைத் தனியே விசாரிக்க வேண்டும்.

நோட் எழுதுவது பற்றி ஒன்று. 2021 ஏப்ரல் முதல், நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தாமதமின்றி மின்னணு வழியில் பார்க்க மருத்துவமனைகள் வழிசெய்ய வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. நீங்கள் மாலையில் எழுதுவதை அவர் இரவே போனில் படிக்கலாம். பக்கத்திலேயே அறுவைசிகிச்சை மருத்துவரும் அதைப் படிக்கிறார், அவர் படிப்பது கடைசி மூன்று வரி மட்டும். பல்கலைக்கழகத்தில் எழுதிப் பழகிய நான்கு பக்க அறிக்கை இங்கே உதவாது. கேட்ட கேள்வி, விடை, என்ன செய்யலாம், யார் செய்வார் என்று எழுதுங்கள். நோயாளி உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு எழுதினால் வார்த்தைகள் தானாகவே சரியாகும்.

இனி இடத்தைத் தேர்வு செய்வது. டியூக், பிரவுன், சிகாகோவின் ரஷ், சார்ல்ஸ்டன் கூட்டமைப்பு (பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் மையம்) என்று நீண்டகாலமாகப் பெயர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. பெயரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே ஊரின் சிறிய மையத்தில் உங்களுக்கு இன்னும் நல்ல ஆண்டு கிடைக்கலாம். நான் பார்க்கச் சொல்வது வேறு. ஒவ்வொரு அங்கீகாரம் பெற்ற மையமும் தன் இணையப் பக்கத்தில் சம்பளம், விடுப்பு, காப்பீடு, முன்பு பயின்றவர்கள் அடுத்து எங்கே சேர்ந்தார்கள் என்ற அட்டவணையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். அதில் கடைசிப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். மருத்துவமனைப் பணிக்குப் போக விரும்புகிறவர், அந்த மையத்தினர் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்கே போகிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு பட்டியலில் உள்ள ரொட்டேஷன்களில் எவை இந்த ஆண்டு உண்மையில் நடக்கின்றன, அதற்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று நேர்காணலில் கேளுங்கள். ஒரு உளவியலாளர் வேலையை விட்டுப் போனால் அவரோடு ஒரு ரொட்டேஷனும் போய்விடும். "கன்சல்ட்டுக்குப் போகும்போது மேற்பார்வையாளர் கூடவே வருவாரா, பிறகு கேட்டுக்கொள்வாரா?" என்ற கேள்வியை இன்டர்ன்களிடம் தனியாகக் கேளுங்கள். படுக்கையருகே உங்களோடு நின்று பார்க்கிற மேற்பார்வையாளர் கிடைத்தால் அந்த ஓராண்டு மூன்றாண்டுக்குச் சமம்.

விண்ணப்பக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் 500 சொற்களுக்குள். இங்கேதான் உங்கள் ஆலோசனை மைய அனுபவம் வருகிறது. மாணவர்களில் தலைவலியோடு, வயிற்று எரிச்சலோடு, நீரிழிவோடு, தூக்கமின்மையோடு வந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாணவர் நல மையத்தின் மருத்துவரோடு பேசியிருப்பீர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி, அவர் உடம்பும் மனமும் எங்கே பின்னிக்கிடந்தன என்று எழுதுங்கள். "உடல்நல உளவியலில் பேரார்வம்" என்ற வரியை நாங்கள் நாள் முழுக்கப் படிக்கிறோம், அது மனத்தில் நிற்பதில்லை. விண்ணப்பிக்க இன்னும் மாதங்கள் இருந்தால் வாரம் ஒரு நாளாவது ஏதாவது கிளினிக்கில் பயிற்சி கேட்டு வாங்குங்கள், மருத்துவமனைதான் என்றில்லை. 15 இடங்களுக்கு மேல் விண்ணப்பிப்பதால் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை என்று ஆப்பிக் நெடுங்காலமாகவே சொல்லிவருகிறது.

விண்ணப்பதாரர்களும் மையங்களும் தரும் விருப்ப வரிசைகளைப் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச் முறையில் ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கிறது: பெரிய இடத்தை முதலில் போட்டு, அது கிடைக்காவிட்டால் இரண்டாவதும் கைநழுவுமோ என்று. நழுவாது. 1999 முதல் கணினி வழியில் நடக்கும் இந்தப் பொருத்தம், 2012இல் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லி ஆகியோரின் ஆய்வு வழியில் வந்தது. உங்கள் உண்மையான விருப்ப வரிசையைப் போடுவதே உங்களுக்கு நல்லது. கணக்குப் போட்டு வரிசையை மாற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான். எந்த மையமும் தன்னை எத்தனையாவதாகப் போடுவீர்கள் என்று உங்களிடம் கேட்கக்கூடாது. முடிவு பிப்ரவரியில் வரும், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். முதல் சுற்றில் கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் சுற்று உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இடங்களைவிட விண்ணப்பதாரர்கள் மிக அதிகம். 2012இல் ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற இடங்களைப் பெருக்க 30 லட்சம் டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனால் பேர்பெற்ற மருத்துவமனைகளில் போட்டி அப்படியேதான் இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஆண்டு உதவித்தொகை 30,000 டாலரை ஒட்டியிருக்கும், சில இடங்களில் 40,000க்கு மேலும் போகும். இன்டர்ன் பார்க்கும் நோயாளிக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கட்டணம் தருவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். மருத்துவ ரெசிடென்ட்களுக்கு அரசு நிதி இருக்கிறது, அந்த அளவில் உளவியலுக்கு இல்லை. இது அநியாயம், மாற வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். பெரிய நகரத்தில் வாடகைக்கே பாதி போகும் என்பதை வரிசைப் பட்டியல் போடும்போது நினைவில் வையுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் இரண்டு விஷயம். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவை. பல கூட்டமைப்புகளில் ஒரு பகுதி அங்கே நடக்கும், ஆகவே பிரிவு வாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி என்பதால் பொதுவாக சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்யும்) அனுமதியில் செய்யலாம். ஆனால் முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் அதே பட்டநிலையில் ஓ.பி.டி. (படிப்பை முடித்த பின் வேலை செய்யும்) உரிமை போய்விடும். அடுத்த ஆண்டு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய) பயிற்சிக்கு அந்த ஓ.பி.டி.தான் பலருக்கு வழி. தொடக்க, முடிவுத் தேதிகளைப் பற்றி உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தோடு மேட்ச் முடிவு வந்த வாரமே பேசிவிடுங்கள், ஜூன் வரை தள்ளிப்போடாதீர்கள்.

உரிமம் பெற 225 கேள்விகள் கொண்ட இ.பி.பி.பி. தேர்வு எழுத வேண்டும், பல மாநிலங்களில் போஸ்ட்டாக் மேற்பார்வை மணிநேரமும் கேட்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அதனால் எங்கே குடியேற நினைக்கிறீர்களோ அந்த மாநில வாரியத்தின் படிவங்களை இன்டர்ன்ஷிப் நடக்கும்போதே எடுத்துப் பாருங்கள். மேற்பார்வையாளர் கையெழுத்து தேவைப்படும் தாள்களை அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. போஸ்ட்டாக் விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடும், அப்போது நீங்கள் இன்டர்ன்ஷிப்பின் பாதியில்தான் இருப்பீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் உங்களை முதல் ரொட்டேஷனிலேயே நோயாளியோடு நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆகவே விருப்பமான ரொட்டேஷனை, முடிந்தால், ஜூலையிலேயே கேட்டு வாங்குங்கள்.